எல்லைக் கல்லோடு நின்ற வேதபுத்தகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ர’ என்று இன்றும் தடுமாறுவேன். என் எழுத்து கோட்டில் நிற்காமல் ஏறி இறங்கும். மலைப்பாதை என்று நினைத்துப் பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று வயிறு சரியில்லை என்று கடுக்காய்த்தூள் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்ததும் அந்தத் துவர்ப்பு வாசம் மூக்கில் ஏறியது. இருமலோடு புதூர்நாட்டு மலையும் வந்துவிட்டது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வாணியம்பாடியில் தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். மலையில் அதை வாங்கி அனுப்பும் ஒரு பாயிடம் எடை போடும் ஆளாக இருந்தேன். எடை போடப் பேச்சு தேவையில்லை. அதனால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்தது. நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அப்படிப்பட்டவன் அந்த வருஷம் சபையில் ஒரு காரியம் செய்துவிட்டேன். “இந்தக் கடுக்காய்க் காலம் முடிவதற்குள் ஒரு ஊரிலாவது இயேசுவைப் பற்றிச் சொல்வேன்” என்று கை தூக்கி எழுந்து நின்று சொன்னேன். கை எப்படி உயர்ந்தது என்று இன்றும் விளங்கவில்லை. எங்கள் போதகர் ஐயர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். “கர்த்தர் வழி காட்டுவார், பயப்படாதே” என்றார்.

பாய்க்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. “ஊமையப் போய் அனுப்பிக்கிறாங்களே. சரி, உன் சாமியப் பத்திப் பேசிக்கோ, எனக்கொண்ணும் இல்ல. தராசு ஆடாம இருந்தா போதும்” என்று சிரித்தார். நல்ல மனிதர்.

நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். என் பேச்சு வேண்டாம், வேதபுத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்து வாசித்துவிடுவது. அப்படியும் ஊர் ஊராகப் போனேன், புத்தகம் பையை விட்டு வெளியே வரவில்லை. கடைசி ஊருக்கு ஏறும்போது என்ன ஜெபித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அங்கே ஆளே இருக்கக் கூடாது என்று ஜெபித்தேன்.

ஊர் எல்லையில் ஒரு கல். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள் சின்னப்பொண்ணு என்கிற அம்மாள். தோளில் ஒரு கோணி.

“செருப்ப அங்கியே வுட்டுட்டு வா. எங்க ஊருக்குள்ள தோலு வரக்கூடாது” என்றாள்.

விட்டேன். அவள் கண் என் பைக்குப் போயிற்று.

“அது இன்னா?”

“புக்குங்க.”

“அட்டை?”

நான் பிறந்ததே தோல் ஷாப்புத் தெருவில். வாய் பொய் சொல்லவில்லை. “ஆட்டுத்தோலுங்க.”

“அப்ப அதுவும் அங்கியேதான்.”

ஞானஸ்நானத்தன்று ஐயர் கொடுத்த புத்தகம். துண்டில் சுற்றிச் செருப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தேன். மனசுக்குள் கொஞ்சம் நிம்மதிதான். புத்தகம் இல்லை, இனி யார் என்னைக் கேட்க முடியும்?

எடை போட்டு முடியவில்லை, காலம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. பத்துப் பேர் ஒரு கொட்டாய்க்குள் ஒண்டினோம். எல்லையில் புத்தகம் நனையுமே. ஓடலாமா என்று பார்த்தேன். அதற்குள் சின்னப்பொண்ணு ஆடுகளை ஓட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தாள்.

“இன்னா ஆளே, காலையிலேர்ந்து வாயே தொறக்கல. மழ வுடற வரைக்கும் எதனா சொல்லேன்” என்றார் ஊர்த்தலைவர் கவுண்டர்.

“எல்லாம் புக்குல இருக்குதுங்க.”

“புக்கு வெளிய குந்திக்கினு இருக்குது. நீதானே உள்ள இருக்கற?” என்றாள் சின்னப்பொண்ணு. எல்லோரும் சிரித்தார்கள்.

கர்த்தர் வழி காட்டுவார் என்றால் முன்னே விளக்கு பிடிப்பார் என்று நினைத்திருந்தேன். கையில் இருந்ததை வாங்கி வைத்துக்கொண்டும் வழி காட்டுவார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடுக்காய்க் குவியலைப் பார்த்தபடியே ஆரம்பித்தேன். “ஒருத்தர்கிட்ட நூறு ஆடு இருந்துச்சுங்க. ஒண்ணு காணாம போய்டுச்சு.”

“வெள்ளாடா, செம்மறியா?” என்று கேட்டாள் சின்னப்பொண்ணு.

“செம்மறிங்க. மீதிய வுட்டுட்டு அத்தத் தேடிப் போனாரு.”

“மீதிய யாரு பாத்துக்கினது?” என்றாள்.

அது புத்தகத்தில் இல்லை. “தெரியலீங்க.”

“தெரியாதத தெரியலன்றான். தராசும் நேராத்தான் இருக்கும் போல” என்றார் கவுண்டர்.

“கெடச்சுதா?” அவள் விடவில்லை.

“கெடச்சுதுங்க. தோள்மேல போட்டுக்கினு சந்தோசமா வந்தாரு. அவருதாங்க இயேசு. காணாம போனது நாம.”

அவ்வளவுதான் என் பிரசங்கம். சின்னப்பொண்ணு முந்தானையைப் பிழிந்தாள். “போன வருசம் ஒரு குட்டிக்கோசரம் ரெண்டு மல எறங்கிப் போனேன். தேடறப்ப மீதி நெனப்பே வர்ல” என்றாள். என் சார்பில் அவளே பதில் சொன்ன மாதிரி இருந்தது.

மழை விட்டதும் எல்லைக்கு ஓடினேன். செருப்பு இரண்டும் தண்ணீரில் மிதந்தன. புத்தகம் பாறை இடுக்கில், நாலாக மடித்த கோணிக்குள் இருந்தது. ஒரு மூலை மட்டும் ஈரம். திரும்பிப் பார்த்தால் அவள் ஆடுகளோடு வந்துகொண்டிருந்தாள்.

“தோலு உள்ள வரக்கூடாது. நனையணும்னு யாரு சொன்னா?” என்று கோணியை உதறி வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் நாலைந்து வருஷம் போனேன். போகும்போதெல்லாம், “வேற கத இருக்குதா?” என்று கல்லருகிலேயே பிடித்துக்கொள்வாள். கேட்டதில் எதை மனசில் வைத்தாள் என்பது கர்த்தருக்குத் தெரியும். இப்போது தோல் பதனிடக் கடுக்காய்க்குப் பதில் ஏதேதோ மருந்துத் தூள் வந்துவிட்டது. பாயும் இல்லை, சின்னப்பொண்ணும் இல்லை. போன மாதம் ஜீப்பில் போனேன். சாலை போட்டபோது கல்லை எடுத்துவிட்டார்களாம். எல்லோரும் செருப்போடு நடக்கிறார்கள். நான் மட்டும், அந்த இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

12-8-1984, ஞாயிற்றுக்கிழமை.