சலவைக்கடைக்காரர் துடைத்த மேகம்

சலவைக்கடைக்காரருக்குக் கறை என்றால் ஆகாது. சட்டைக் காலரில் இருந்தாலும் சரி, வானத்தில் இருந்தாலும் சரி, அதை எடுத்தால்தான் மனுஷருக்குச் சோறு இறங்கும். பகலெல்லாம் இஸ்திரிப் பெட்டி, ராத்திரி மொட்டைமாடியில் தொலைநோக்கி. ஆறு வருடமாக ஒரே நட்சத்திர மண்டலத்தை நூற்றுக்கணக்கில் படம் பிடித்து, கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். படத்தின் ஓரத்தில் எப்போதும் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் விழும். கேமராவில் தூசி என்று முடிவு கட்டி, கணினியிலேயே அதைப் படத்திலிருந்து சுத்தமாகத் துடைத்துவிடுவார். அதில் அவருக்கு அலாதித் திருப்தி.

இந்த வருடம் ஆசை கொஞ்சம் பெருத்துவிட்டது. பக்கத்து ஊரில் பஸ் ஓட்டும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, சின்னத் தொலைநோக்கி ஒன்று வைத்திருந்தான். இவருடையது நுணுக்கமாகப் பார்க்கும், அவனுடையது அகலமாகப் பார்க்கும். இரண்டையும் சேர்த்தால் நூலகச் சுவரில் மாட்டுகிற மாதிரி படம் வரும், இரண்டு பேர் பெயரையும் போடலாம் என்று இவரேதான் வலியப் போய்க் கூப்பிட்டார். மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது மணி நேரப் படங்களை அனுப்பிவைத்தான்.

சேர்த்துப் பார்த்தால், இவர் துடைத்துவைத்திருந்த அதே ஓரத்தில் தீற்றல்!

"லென்ஸைத் துடைச்சியா இல்லையாடா?" என்று போனில் பாய்ந்தார்.

"துடைச்சேன் மாமா."

"எதால? பஸ் துடைக்கிற துணியாலயா?"

பாவம், அவன் மறுபடி துடைத்து, நான்கு ராத்திரி கண்விழித்துப் புதிதாக எடுத்து அனுப்பினான். தீற்றல் அசையவில்லை. இவர் வாயும் அடங்கவில்லை. கடைசியில், "உனக்கெல்லாம் எதுக்குடா தொலைநோக்கி?" என்றே கேட்டுவிட்டார். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மச்சான் போனை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் அக்காவுக்குச் சேதி வந்தது. தம்பி தொலைநோக்கியை விற்கிறானாம், வாங்குகிற ஆள் இன்றைக்கே வருகிறாராம். கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நேரே புருஷனிடம் வந்து நின்றாள்.

"அவன்தான் அழுக்குன்னு எப்படிச் சொல்றீங்க? ரெண்டு வீட்டுத் துணியிலயும் ஒரே மாதிரி கறை இருந்தா நாம யாரைத் திட்டுவோம்?"

"நம்ம மெஷினை."

"அப்போ இங்க ரெண்டு பேருக்கும் பொதுவா என்ன இருக்கு?"

பொதுவாக இருந்தது வானம்தான். சலவைக்கடைக்காரர் அவசர அவசரமாக, துடைக்காத பழைய படங்களைத் தோண்டி எடுத்தார். ஒவ்வொரு வருடமும், அதே நட்சத்திரங்களுக்கு நடுவில், அதே வடிவில் தீற்றல் இருந்தது. நடுவில் கேமராவையே மாற்றியிருந்தார், அப்போதும் அப்படியேதான். தூசி என்னவோ தூசிதான். ஆனால் லென்ஸில் இல்லை, விண்வெளியில் நட்சத்திர வெளிச்சம் பட்டு மங்கலாகத் தெரியும் தூசி மேகம்! சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். உடனே போனை எடுத்தார்.

"டேய், வித்துட்டியா?"

"ஆள் வாசல்ல நிக்கிறாரு மாமா."

"குடுத்துடாதேடா! அது அழுக்கில்ல, மேகம். நிஜ மேகம். ஆறு வருஷமா நான்தான் அதை அழிச்சிக்கிட்டே இருந்திருக்கேன். தப்பு என்மேலதான். நீ ஒருத்தன்தான் அதை அப்படியே விட்டு வச்சிருக்கே."

மச்சான் வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைப்பது போனில் கேட்டது. அப்புறம் திரும்பப் போனுக்கு வந்தான்.

"நான் பெரிசா ஒண்ணும் பண்ணல மாமா," என்றான். "எனக்கு அழிக்கத் தெரியாது, அவ்வளவுதான்."