சின்னான் இறங்கி வந்த கோடை

ஒரு பறவையைப் பின்தொடர வேண்டுமென்றால் முதலில் லீவு வேண்டும். எனக்கு அது கிடைக்கவே இல்லை. விடியுமுன் ரயிலைப் பிடித்து பெங்களூரு போய், இருட்டிய பிறகு ஸ்கெலட்டன் என்கிற பழைய சுரங்கக் குடியிருப்பில் உள்ள வீட்டுக்குத் திரும்புகிறவள் நான். போன கோடையில் ஞாயிற்றுக்கிழமையையும் ஆபீஸ் பிடுங்கிக்கொண்டது.

ஊருக்கு வெளியே இருக்கும் பாறை மலையில் மஞ்சள் தொண்டைச் சின்னான் உண்டு. பாறையும் புதரும் சேர்ந்த இடத்தை விட்டு எளிதில் நகராத பறவை. வெயில் ஏற ஏற அது மலையில் மேலே போகிறதா, கீழே வருகிறதா என்று தெரிந்துகொள்ளத் துடித்தேன். மேலே போனால் ஆபத்து. எங்கள் மலை சின்னது, உச்சியைத் தாண்டினால் போக்கிடம் கிடையாது.

வேறு வழியில்லாமல் அப்பாவிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தினமும் காலையில் மலையடிவார டீக்கடை வரை நடப்பார். மலையை உயரவாக்கில் ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள், பறவை தெரிகிற பகுதியின் எண்ணை மட்டும் சொல்லுங்கள் என்று ரயிலுக்கு ஓடுகிற ஓட்டத்தில் சொன்னேன். தலையாட்டினார்.

கோடைத் தொடக்கத்தில் நான்கு என்றார். பிறகு மூன்று, இரண்டு. கடைசியில் தினமும் ஒன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்னான் அடிவாரத்துப் பசுமைக்கு இறங்கி வந்துவிட்டது, பிழைத்துக்கொள்ளும்! பெங்களூருவில் பறவை பார்க்கும் நண்பர்கள் நம்பவில்லை. சூட்டுக்கு யாராவது கீழே இறங்குவார்களா என்று கேலி செய்தார்கள். எங்கள் மலையை நீங்கள் பார்த்ததுண்டா என்று சண்டை பிடித்தேன்.

ஒருவழியாக லீவு கிடைத்த அன்று அடிவாரத்தைப் புதர் புதராகத் தேடினேன். ஒரு குரல்கூடக் கேட்கவில்லை. வெயிலில் மண்டை காய்ந்து, ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக டீக்கடைக்குப் போய், இங்கேயே உட்கார்ந்துகொண்டு வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லியிருக்கிறீர்கள் என்று அப்பாவிடம் கத்திவிட்டேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஒண்ணாவதுல தேடினியாம்மா?” என்று கேட்டார். காலடிப் புதரைக் காட்டினேன்.

“அது அஞ்சாவது. ஒண்ணு மேல கீது. எந்த ஊர்ல கீழர்ந்து எண்ணுவாங்க?”

சுரங்கத்தில் முதல் லெவல் தரைக்குப் பக்கத்தில். ஆழம் போகப் போக எண் ஏறும். ஆயுசெல்லாம் மேலிருந்து எண்ணியவரிடம், எங்கிருந்து எண்ணுவது என்று நான் சொல்லவே இல்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் கொண்டாடிய ஒவ்வொரு நாளும் அது ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

அப்பாவோ சந்தோஷமாக உச்சியைக் காட்டினார். பைனாகுலரில் பார்த்தேன். அங்கே கடைசிப் பாறையில் ஒற்றைச் சின்னான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது.

“கீழ சூடு தாங்கல, மேல வந்துட்டுது. நல்லதுதானே? நாங்களும் ஷிஃப்ட் முடிஞ்சி மேல வந்தாதான் மூச்சு விடுவோம்.”

“மேல வந்தா உங்களுக்கு ஊரு இருந்துச்சு, நைனா.”

அவர் பைனாகுலரை வாங்கி, அந்தப் பாறைக்கு மேலே என்ன இருக்கிறது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.