மூடிய மூலை

ஊசிக்காரி என்று பெயர் வைத்தவர் அவள் மாமனார். அந்த மலைச் சனத்தில் எல்லாப் பெண்களும் சால்வைக்குப் பூ போடுவார்கள். துணியில் கோடு வரையாமல் இழையை எண்ணியே போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

உயிரோடு இருப்பவர் போர்த்தும் சால்வையில் கரைத் தையல் மூலைக்கு வந்ததும் இணையாமல் ஒரு விரற்கடை திறந்திருக்கும். பிணத்துக்குப் போர்த்துவதில் மட்டும் மூடுவார்கள். போன மாதம் மாமனாரின் கடைசிச் சால்வையை முடித்த கையோடு, நகரத்துக் கடைக்கான சால்வையைத் தொடங்கினாள். பழகிய கை மூலையை மூடிவிட்டது. கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது. அப்படி மூடியவளின் பிள்ளை தங்காது என்பது ஊர்ப் பேச்சு.

இன்று விடியும்போது மகளின் உடம்பு அனலாய்க் கொதித்தது. மூச்சு இழுக்கையில் விலா உள்ளே குழிந்தது.

"அண்ணி, முதல்ல கடைக்குப் போய் மூலையப் பிரிச்சுட்டு வாங்க. அப்புறம் ஆஸ்பத்திரி," என்றாள் நாத்தனார்.

"அதுவரைக்கும் இவ தாங்குவாளா?"

"பிரிக்காட்டி மட்டும் தாங்குவாளா?"

ஊசிக்காரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நாத்தனாரோடு ரோட்டுக்கு ஓடினாள். கடைப்பக்கம் போகும் பஸ்தான் முதலில் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தாள். தோளில் கிடந்த பிள்ளை இருமியது. அடுத்த மூச்சைக் காணோம். அது திரும்பி வந்தபோது, ஊசிக்காரியின் கால் தரையில் இருந்தது.

"நீ போய்ப் பிரி. நான் இவளத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறேன்."

"ஐயோ, கடைக்காரன் புலி மாதிரி இருப்பானே!"

"புலியப் பாக்காதவளா நீ? ஏறுடி!"

டாக்டரம்மா நெஞ்சில் கருவியை வைத்தார். "நிமோனியா. நாளைக்குக் காலை வரைக்கும் எதுவும் சொல்ல முடியாதும்மா."

ஊசிக்காரி இழையை எண்ணுவதுபோல் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். மதியம் நாத்தனார் வந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"கண்ணாடிக்குள்ள தொங்குது அண்ணி. பழங்குடிக் கைவண்ணம்னு போர்டு வேற. எங்க அண்ணி போட்டதுன்னு சொன்னேன். திருடின்னு கைய முறுக்கித் தள்ளிட்டான் காவலாளி."

பழங்குடியின் கைவண்ணம் வேண்டும். பழங்குடிப் பெண்ணின் கை மட்டும் கண்ணாடியில் படக் கூடாது!

"அப்ப மூலை?"

"மூடித்தான் இருக்கு."

அதன் பிறகு ஊசிக்காரி மகளின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் காலை விலாக் குழிவு நின்றிருந்தது. பிள்ளை கண்ணைத் திறந்து, "அத்தை, கை ஏன் வீங்கியிருக்கு?" என்றது.

நாத்தனார் ஓவென்று அழுதாள். "அண்ணி, அந்த மூலை..."

"அது கிடக்கட்டும். இவ எந்திரிச்சதும் ரெண்டு பேரும் போறோம். உன் கைய முறுக்கினவனக் கேக்கணும்."

சொல்லிவிட்டாளே தவிர, மகளின் மூச்சை எண்ணுவதை அவள் நிறுத்தவில்லை.