கேட்காமலே எழுதிய பதில்

சூடான அயர்ன் பெட்டி ஈரப் பனியன் துணியில் ஏறும்போது ஒரு வாசம் எழும். அது மூக்கில் பட்டால் இப்போதும் எனக்கு அந்தக் காலைதான்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் பிரிவு மேனேஜர் நான். மாதம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து பேசி, குறையை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நானோ எல்லாத் தாளிலும் ‘குறை ஒன்றுமில்லை’ என்று முன்கூட்டியே எழுதி, ஓடுகிற மிஷின்களுக்கு நடுவே நீட்டுவேன்.

அன்று காலை டெய்லர் மாரியம்மாளின் விரலில் ஊசி இறங்கியது. அவள் அலறவில்லை. வெள்ளைத் துணி சிவந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் முதல்முறையாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வலிக்கலீங்களா?”

“விரலு மரத்து நாலு மாசமாவுது சார்.”

“ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?”

தென்காசிப் பக்கத்துக்காரி. குரலில் கோபமே இல்லை. “குறை இல்லன்னு நீங்களே எழுதிட்டியளே. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? வேலை போயிருமோன்னு பயம் வேற.”

பேனா அவள் விரலில் வழுக்கியதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். ‘வெரசாப் போடும்மா’ என்றேன். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஐந்து நிமிஷம் இன்னும் என்னைத் தூங்க விடுவதில்லை.

இனித் தைக்கக் கூடாது என்றார் டாக்டர். ஊருக்குக் கிளம்பியவளை பஸ் ஏற்றப் போனேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். “உடம்பப் பாத்துக்கங்க” என்றேன்.

படியில் ஏறியவள் திரும்பினாள்.

“பக்கத்து மிஷின் செல்விக்கும் விரலு மரக்குது சார். அவளும் கையெழுத்துப் போட்டிருக்கா.”