காலியாகக் கொண்டுபோன வேன்

வேன் குழியில் விழும்போதெல்லாம் அவர் ஒரு சத்தம் போடுவார். பேச்சு போன பிறகு அவரிடம் மிச்சம் இருந்தது அந்தச் சத்தம்தான். தொண்டைக்குள்ளிருந்து அமுங்கி வரும். நான் முன் சீட்டில் இருந்தபடியே, "இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்பேன். அடுத்த குழி வரும். மறுபடியும் சத்தம். மறுபடியும் நான் ஏதாவது சொல்வேன். இப்படியே நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரைக்கும் போவோம்.

அவர் என் வீட்டுக்காரர். மயிலாடியில் கல்சாமான் எடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பது எங்கள் தொழில். அம்மி, குழவி, இடிகல், சந்தனம் அரைக்கிற கல். கோயில் கொடையோ மாதா கோயில் திருவிழாவோ, எங்கே கொடி ஏறினாலும் அங்கே பத்து நாள் எங்கள் கடை இருக்கும். பத்து நாளும் தங்க இடம் வேண்டுமே. அதற்காக அவர் பழைய வேன் ஒன்றை வாங்கி உள்ளே இரும்புக் கட்டில் ஒட்டவைத்து, ஒரு அடுப்பு, தண்ணீர் டிரம், துணி தொங்கப்போட ஒரு கம்பி எல்லாம் பொருத்தினார். மயிலாடியில் ஒரு வாடகை அறை உண்டு. ஆனால் வருஷத்தில் பாதிக்குமேல் இந்த வேன்தான் வீடு.

கல் ஏற்றும் வண்டி என்பதால் பின்பக்கம் இரண்டு தடித்த பட்டை கூடுதலாகப் போட்டிருந்தார். பட்டை என்பது சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருக்கும் இரும்புத் தகடு. வண்டியின் பாரம் முழுக்க அதில்தான் நிற்கும். "ரொம்பத் தூக்கிப் போடுது" என்று அந்தக் காலத்தில் நான் சொன்னதற்கு, "கல்லுக்கு முதுகுவலியா வரும்?" என்று சிரித்தார். அன்று அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அவர் முதுகு நன்றாக இருந்தது.

வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. அதன்பிறகு பெரிய கல் ஏற்றுவதில்லை, தூக்கி இறக்க ஆள் இல்லை. பாரம் பாதியானதும் வண்டி இன்னும் மோசமாகத் துள்ள ஆரம்பித்தது. அவர் படுத்திருக்கும் கட்டில் பின்சக்கரத்துக்கும் பின்னால் இருந்தது. சின்னக் கல்லில் ஏறினாலும் அவரை மேலே எறிந்து கீழே பிடிக்கும். இலவம்பஞ்சு மெத்தை போட்டுப் பார்த்தேன். அதன்மேல் ஸ்பாஞ்சு போட்டேன். டயரில் காற்றைக் குறைக்கச் சொன்னேன். எதற்கும் அந்தச் சத்தம் குறையவில்லை.

மூத்த மகள் களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் இருக்கிறாள். ஒருநாள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பாவ இஞ்ச கொண்டாந்து விடு. உனக்க வீம்புக்கு அவிய நடுமுதுகு ஒடியணுமா?"

"உனக்க வீட்டுல எல்லாரும் டிவியல்லா பாத்துட்டு இருப்பிய. அவியள யாரு பாப்பா?"

"ஓ, நீ ரொம்பப் பாக்குத. பொறத்த தூக்கிப் போட்டுட்டு முன்னால இருந்து போற."

அது எனக்குச் சுட்டது. உண்மையாக இருந்ததால் சுட்டது. அவர் இல்லாமல் பத்து நாள் ஒரு மைதானத்தில் தனியாகக் கிடக்க என்னால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. "வாற கொடி உனக்க ஊருப் பக்கந்தான். சத்தம் போடாம அவியளக் கொண்டு வாறேன். முடியல்லன்னா நானே உனக்க வீட்டுல கொண்டு விடுகேன். பொறவு பேச்சு கிடையாது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வண்டி ஓட்டுவதற்கு எங்கள் தெருவில் ஒருவர் உண்டு. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அவரிடம் கேட்டேன்.

"எக்கா, மெத்தையில ஒரு கொறையும் இல்ல. பட்டையிலயாக்கும் கொறை. தோவாளைக்கு இந்தப்பக்கம் ஒருத்தன் இருக்கான், பட்ட வேலைக்கு அவனை விட்டா ஆளில்ல."

இரண்டு நாள் எடுத்து வேனைக் காலி செய்தேன். ஒவ்வொரு கல்லாக உருட்டி இறக்கினேன். அடுப்பு, டிரம், பாத்திரம், துணி, அவருடைய மூத்திரப் பாட்டில், எல்லாவற்றையும் அறையில் கொண்டு வைத்தேன். உள்ளே சோப்பு போட்டுக் கழுவினேன். அந்நிய ஆண்கள் நிற்கிற பட்டறையில் என் அடுக்களையைத் திறந்து காட்ட எனக்கு மனம் இல்லை. இவர்கள் வண்டியில் கிடக்கிறவர்கள் என்று ஒருவன் ஒரு பார்வை பார்த்தால்கூட எனக்குத் தாங்காது. கட்டிலை மட்டும் விட்டேன், அது வண்டியோடு ஒட்டியிருந்தது. அவரைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னக்கா, வேனுக்குப் பொண்ணு பாக்கவா போறோம்?"

"நீரு ஓட்டும் வேய்" என்றேன்.

பட்டைக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பேசும்போது ஆளைப் பார்க்கமாட்டார், சக்கரத்தைத்தான் பார்ப்பார். பின்னால் ஏறி நின்று இரண்டு குதி குதித்தார். வேன் அசையவே இல்லை.

"இதுல என்னவாக்கும் ஏத்துவிய?"

"ஒண்ணும் இல்ல. நாங்க ரெண்டு பேருதான்."

"சுமை?"

"சுமை என்ன சுமை. ஒரு கட்டிலு, அவ்வளவுதான்." கல் என்று சொன்னால் எங்கே விற்பீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று அடுத்த கேள்வி வரும்.

டிரைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

"பொறவு எதுக்கு இந்தத் தடிச்ச பட்ட? ஆனையவா ஏத்துனிய?"

"அது பழைய காலத்துல போட்டது."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. தடித்த பட்டைகளைக் கழற்றிவிட்டு மெலிந்த பட்டை போட்டார். உலையில் காய்ச்சி அடித்து வளைவைச் சரிசெய்தார். தேய்ந்துபோன ரப்பரெல்லாம் மாற்றி, நாலு சக்கரத்துக்கும் அதிர்வைத் தாங்கும் புது ஷாக் மாட்டினார். திரும்பி வரும்போது சந்தைக்குப் பூ ஏற்றிப் போகும் வண்டிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. நான் பின்னால் போய் அவருடைய கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். வேகத்தடையில் ஏறி இறங்கியதே தெரியவில்லை. தொட்டிலில் இருப்பது போல இருந்தது. மகளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கொடி ஏற்றத்துக்கு மூன்று நாள் முன்னால் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினோம். கல், டிரம் நிறையத் தண்ணீர், அடுப்பு, பாத்திரம், கடைசியில் அவர். வண்டியின் பின்புறம் கொஞ்சம் தாழ்ந்து நின்றது. கோழி அடைக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று டிரைவர் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

தக்கலை தாண்டவில்லை. வளைவில் திரும்பும்போது வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. டிரைவர் அதைச் சமாளித்து நேராக்குவதற்குள் ஒரு குழி. பட்டை தாங்காமல் வண்டியின் உடம்பு அச்சில் போய் இடித்தது. கல்லோடு கல் மோதியது. அவர் போட்டது வழக்கமான சத்தம் இல்லை. வாதம் வந்த நாளில்கூட அவர் அப்படிக் கத்தவில்லை.

நிறுத்தச் சொல்லிப் பின்னால் ஓடினேன். இடதுகையால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது. கண்ணோரம் தண்ணீர் காதுவரை ஓடியிருந்தது. துடைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

டிரைவர் ரோட்டோரம் நின்று பீடி பற்றவைத்தார்.

"எக்கா, அவன் சுமை உண்டான்னு கேக்கும்போ கல்லுண்டுன்னு ஏன் சொல்லல்ல?"

"நீரு சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். நீங்க முழிச்ச முழியில நாக்கு உள்ள போச்சு."

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். எடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியே மெதுவாகப் போனால் அவள் வீடு. அங்கே அவரை இறக்கிவிட்டு நான் தனியாகக் கடைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் திரும்பி, இந்தக் கோலத்திலேயே பட்டறைக்குப் போக வேண்டும். எல்லாம் உள்ளே இருக்க, அவரும் உள்ளே கிடக்க. ரோட்டில் நிறைய நேரம் நின்றேன். யாரிடமும் கேட்க ஒன்றுமில்லை. பிறகு, "திருப்பும்" என்றேன்.

பட்டைக்காரர் குனிந்து அடியில் பார்த்தார்.

"இது யாருக்க வண்டி?"

"எனக்க வண்டிதான்."

"அன்னைக்குக் கொண்டு வந்தது?"

"அதும் இதுதான்."

அவர் நிமிர்ந்து முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தார். பின்கதவை நானே திறந்தேன். கம்பியில் என் சேலையும் அவர் கட்டுகிற சாரமும் தொங்கின. டிரம் உருண்டு பாத்திரமெல்லாம் தரையில் கிடந்தது. பாட்டில் எங்கே உருண்டதோ, வாடை அடித்தது. நான் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"மயிலாடி மலையில பாதியத் தூக்கி உள்ள வச்சிட்டு, ரெண்டு பேருதான்னு சொல்லியிருக்கிய" என்றார். சிரிக்கவில்லை. "அம்மா, நான் வண்டிக்குப் பட்ட போடல்ல. அதுல ஏறுற பாரத்துக்காக்கும் போடுகது. நீங்க கழுவிக் கொண்டு வந்தா நான் கழுவுன வண்டிக்குத்தான் போடுவேன்."

நான் கல்லை இறக்கக் கை நீட்டினேன்.

பட்டைக்காரர் எதையும் இறக்கவிடவில்லை. கல்லையெல்லாம் முன்னால் தள்ளி, தரையோடு தரையாகப் பரப்பச் சொன்னார். கட்டிலை அறுத்தெடுத்து முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் கொண்டுவந்தார், அதன் காலையும் பாதியாக்கினார். "பொறத்த கெடந்தா ஊஞ்சப் பலகைக்க நுனியில கெடக்க மாதிரி. நடுவுல ஆட்டம் கொறவு" என்றார். அவ்வளவு நேரமும் என் வீட்டுக்காரர் ஒரு பெஞ்சில் மெத்தை விரித்துக் கிடந்தார். வேலை பார்க்கிறவர்கள் சுற்றிப் போனார்கள். யாரும் அவரை உற்றுப் பார்க்கவில்லை. நான்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டில் பொருத்தினதும் அவரை ஏற்றிக் கிடத்தினோம். பட்டைக்காரர் ஒரு குச்சியும் சாக்கட்டியும் எடுத்துச் சக்கரத்துக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்தார்.

"நீங்க எங்க கெடப்பிய?"

"தரையில. அவியளுக்குப் பக்கத்துல."

"செரி, கெடங்க."

"இப்பமா?"

"இப்பந்தான். உங்களயும் சேத்து அளக்கண்டாமா?"

பட்டப்பகலில், அத்தனை ஆண்கள் நடுவில், நான் என் வேனுக்குள் போய்ப் படுத்தேன். அடியில் சுத்தியல் சத்தம் கேட்டது. ஒரு பட்டை கூடப் போட்டார்கள். பாரம் ஏறினால் மட்டும் போய்த் தாங்குமாம், இல்லாத நேரம் சும்மா இருக்குமாம். முன்னால் ஆட்டத்தைப் பிடிக்க ஒரு கம்பியும் போட்டார்கள். கட்டில் தாழ்ந்ததால் அவர் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. மூன்று வருஷமாக அவரை மேலிருந்து குனிந்துதான் பார்த்திருக்கிறேன். தாடியில் ஒரு இடம் ஷேவ் செய்யாமல் விட்டிருக்கிறேன், அது இப்போதுதான் தெரிந்தது. "இஞ்சேருங்க, நோவுதா?" என்று கேட்டேன். அவர் மேல்தகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். நான் முன் சீட்டில்தான் இருந்தேன். முந்தின நாள் இடித்த அதே குழி வந்தது. டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார். வேன் லேசாக இறங்கி ஏறியது. பின்னாலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த குழியிலும் இல்லை. மார்த்தாண்டம் வரைக்கும் இல்லை.

"ஜெயிச்சாச்சு எக்கா!" என்று டிரைவர் ஸ்டியரிங்கில் தட்டினார்.

நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு ஒன்றும் வரவில்லை. இந்த மூன்று வருஷமும் இந்த ரோட்டில் நான் பேசினதெல்லாம் அவர் சத்தத்துக்குப் பதிலாகத்தான் பேசியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பின்னால் ஏறி அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராக வந்தது. தூங்குகிறார்.

கோயில் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் மகளுக்கு நானே போன் செய்தேன்.

"சத்தம் போடல்லியா?"

"ஒரு சத்தமும் இல்ல."

"பொறவென்ன, நீயே வச்சிக்க" என்றாள். கோபமா சந்தோஷமா என்று அவள் குரலில் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றாள்.

டிரைவர் சாவியைத் தந்துவிட்டு பஸ் பிடித்து ஊருக்குப் போனார். நான் தார்ப்பாயைக் கட்டி, கல்லையெல்லாம் இறக்கி வரிசையாக வைத்தேன். கொடி ஏற இன்னும் இரண்டு நாள் இருந்தது. மைதானத்தில் வேறு கடை எதுவும் வந்திருக்கவில்லை. கஞ்சி வைத்து, ஆற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். மூன்று வருஷத்தில் பகலில் இப்படித் தூங்கினதில்லை. எழுப்ப மனம் வரவில்லை. கஞ்சியின் மேலே ஆடை கட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.