கண்டக்குழியிலிருந்து சிலாபம் வரை: ராத்தாவின் கண்ணும் களா நோன்பும்

கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்கப் போகிறவர்களுக்காக நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இது எதிர்ப்பக்கப் பயணம், கண் காட்டப் போனது. நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் வாரம், கற்பிட்டிக்குப் பக்கத்தில், கண்டக்குழியில் இருக்கும் என் மூத்த சகோதரியான ராத்தா இடது பக்கமிருந்து வந்த மோட்டார் சைக்கிளைக் காணாமல் ரோட்டில் இறங்கியிருந்தாள். அதற்கு முன்பும் கதவு நிலையிலும் கரையேற்றிய வள்ளத்திலும் இடது தோளை இடித்துக்கொண்டாளாம். "கவனமில்லாம நடந்திட்டேன்" என்று போனில் சிரித்தாள். மறுநாளே கொழும்பிலிருந்து புறப்பட்டுப் போனேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் காரில் ஏறினோம். சிலாபத்துக்கு ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், போய்வரப் பதினெட்டாயிரம் ரூபாய். பஸ்ஸில் போனால் செலவு குறைவு. ஆனால் பாலாவியில் இறங்கி மாறி ஏற வேண்டும், ராத்தாவை நெரிசலில் விட எனக்குத் தைரியமில்லை. காரோட்டிய பாறூக் நானா அதே ஊர்க்காரர், ராத்தாவின் கணவரான மச்சானின் கூட்டாளி.

பெண்களுக்கு மாதவிடாய் உரிய வயதுக்கு முன், வேளைக்கே நின்றுபோனால் கண்ணுக்கும் கேடு வரலாம் என்று எங்கோ வாசித்திருந்தேன். பின்சீட்டில் மெதுவாகக் கேட்டேன்.

"ராத்தா, தொழாத நாள் ஒனக்கு எப்ப நிண்ட?"

தொடையில் கிள்ளினாள். "வாய மூடு புள்ள. நானா ஈக்காரு."

மதுரங்குளி தாண்டி முந்தல் வரும்வரை, ஒரு கண்ணைப் பொத்திப் பொத்திக் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டு போனேன். பயம் பிடித்தால் எனக்குப் பைத்தியமும் பிடிக்கும்.

சிலாபத்தில் தனியார் கிளினிக், பெண் டொக்டர். ராத்தா ஒத்துக்கொண்டதே அதனால்தான். கண்ணின் அழுத்தம் பார்த்தார்கள். பிறகு ஒரு இயந்திரத்தில் நாடியை ஊன்றி முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமர்த்தச் சொன்னார்கள். அது முடிந்ததும் டொக்டரும் என் கேள்வியையே கேட்டார். ராத்தா நிலத்தைப் பார்த்தாள். "ஞாபகமில்ல."

மாதவிடாய் நாட்களில் நாங்கள் நோன்பு பிடிப்பதில்லை. விட்ட நோன்பைப் பெருநாளுக்குப் பிறகு பிடித்துத் தீர்க்க வேண்டும், அதுதான் களா. அதையே பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"கடைசியா எப்ப களா பிடிச்ச?"

விரல் மடித்து எண்ணினாள். "கொரோனாவுக்கு முந்தின வருஷம். அதுக்குப் பொறகு முப்பதும் முழுசாத்தான்."

அப்போது அவளுக்கு வயது முப்பத்தொன்பது.

"அதுதான் காரணம் எண்டு சொல்ல ஏலாது," என்றார் டொக்டர், தனக்குத் தெரிந்த தமிழில். "ஈஸ்ட்ரோஜன் எண்ட ஹோர்மோன் கண் நரம்புக்குப் பாதுகாப்பு எண்டு நினைக்கிறாங்க. அது வேளைக்குக் குறைஞ்சா ஆபத்துக் கூடலாம். இன்னும் ஆராய்ச்சி நடக்குது. ஆனா இது குளுக்கோமா. இடது கண்ணுல போனது திரும்பி வராது. மருந்து விட்டா மிச்சத்தக் காப்பாத்தலாம். கூடப் பிறந்தவங்களும் கட்டாயம் காட்டணும்."

எனக்கு நாற்பத்திரண்டு. போன இரண்டு நோன்பிலும் எனக்கும் களா இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சந்தோஷப்பட்டிருந்தேன்.

நானும் அதே கதிரையில் இருந்தேன். இருட்டு நீளும்போதெல்லாம் வெளிச்சம் வரவில்லையா, வந்தும் எனக்குத் தெரியவில்லையா என்று விளங்காமல் சும்மாவே பொத்தானை அமர்த்தினேன். இப்போதைக்கு எனக்கு ஒன்றுமில்லை, வருடத்துக்கொரு முறை காட்ட வேண்டுமாம். ராத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்குச் சந்தோஷப்பட முடியவில்லை.

போகப் போகிறவர்களுக்கு: கறுப்புக் கண்ணாடி கொண்டுபோங்கள். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணித்தியாலத்துக்கு வெயில் தாங்காது, எழுத்தும் தெரியாது. துணைக்கு ஆள் வேண்டும். மாதவிடாய் எந்த வயதில் நின்றது என்று போகுமுன்னே யோசித்து வையுங்கள். நோவு வரட்டும், பிறகு காட்டலாம் என்று இருக்காதீர்கள். ராத்தாவுக்குக் கடைசிவரை நோகவேயில்லை.

திரும்பும் வழியில் முந்தல் தாண்டியதும் ராத்தா தன் போனை என்னிடம் நீட்டினாள்.

"மருந்து விட்டதுல எனக்கு எழுத்துத் தெரியல. தங்கச்சிக்கு எடுத்து ஸ்பீக்கர்ல போடு."

புத்தளத்தில் இருக்கும் எங்கள் கடைசித் தங்கச்சி எடுத்தாள். ராத்தா சலாம் சொல்லிவிட்டுச் சத்தமாகவே கேட்டாள். "புள்ள, இந்த நோன்புல ஒனக்குக் களா ஈக்கா? எனக்கு முப்பத்தொம்பதுலயே நிண்டுட்டு. கண்ணும் போகுது."

"ராத்தா, நானாக்குக் கேக்குது," என்றேன்.

"கேக்கட்டும். அவருக்கும் பொஞ்சாதி ஈக்காதானே."

பாறூக் நானா கையை நீட்டிப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தி, பின்சீட்டுப் பக்கம் காதைச் சாய்த்தார்.