ஜோடி பார்த்து ராவிய ஆணிகள்

பிள்ளைகளே, உங்கள் அப்பா திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அதே பட்டறையில் மூன்று மாதம் கையெறி குண்டுக்கு உறுப்பு செய்தேன் என்பது தெரியாது. உங்கள் அம்மாவும் நானும் அதை வீட்டில் பேசுவதில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கோர்வையாக எழுத வருமோ என்னவோ, நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

சீனாக்காரனோடு சண்டை நின்ற கார்த்திகை மாதம். ஆத்தூரிலிருந்து உங்கள் மாமா பட்டாளத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் ஒரே தம்பி. வடக்கே எங்கேயோ பனியில் இருக்கிறார் என்று மட்டும் கடிதம் வரும். ஊரின் பெயர் இருக்காது. அந்தச் சமயத்தில்தான் முதலாளி ஒரு ஆர்டரோடு வந்தார். அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை குவிந்து கிடக்கிறது, சிறு உறுப்புகளை வெளியே கொடுக்கிறார்கள், பூட்டுக்காரர்கள் கை சுத்தம் என்று கேள்விப்பட்டு நம்மைத் தேடி வந்திருக்கிறார்கள் என்றார்.

"ஏலே, சீனாக்காரனுக்கே பூட்டுப் போடப் போறோம்டா" என்றார் என் பக்கத்தில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் வேலை பார்த்தவர். எல்லோரும் சிரித்தோம். எனக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது. மச்சினன் கையில் போகிற பொருளை நான் செய்கிறேன் என்று அன்று மாலை உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நல்லாச் செய்யுங்க" என்றாள்.

எங்களுக்கு வந்தது இரண்டே உறுப்பு. குண்டுக்குள் ஸ்பிரிங்கோடு நிற்கும் ஓர் ஆணி. வெளியே ஒரு நீளப் பிடி. ஆணியின் தலையில் ஒரு வெட்டு இருக்கும். பிடியின் நுனி அந்த வெட்டில் மாட்டி ஆணியைத் தூக்கி நிறுத்தும். சிப்பாய் குண்டின் பாதுகாப்பு வளையத்தை இழுத்த பிறகும் பிடியை அழுத்திக்கொண்டிருக்கும்வரை ஆணி இறங்கக் கூடாது. எறிந்த பின்தான் பிடி தெறித்து, ஆணி குத்த வேண்டும். வெட்டு பிசகினால் ஆணி முன்னதாகவே இறங்கி, குண்டு கையிலேயே வெடித்துவிடும். இது முதல் நாளே எங்களுக்கு விளங்கிவிட்டது. பூட்டின் லீவர் சாவியில் மாட்டுவதும் இப்படித்தானே.

இங்கேதான் நான் தவறு செய்தேன். திண்டுக்கல் பூட்டு எப்படிச் செய்வோம் தெரியுமா? ஒரு பூட்டை ஒரே ஆள் தொடக்கம் முதல் முடிவு வரை செய்வான். சாவியை அந்தப் பூட்டுக்கே அரத்தால் ராவி ராவிப் பொருத்துவான். அடுத்த பூட்டுக்கு அந்தச் சாவி சேர்ந்துவிட்டால் செய்தவனுக்கு அவமானம். பதினைந்து வருடம் அப்படிச் செய்து பழகிய கை. ஆர்டரோடு, எல்லா உறுப்பும் ஒரே அளவுதானா என்று வைத்துப் பார்க்க ஓர் எஃகுத் தகடு கொடுத்திருந்தார்கள். வேலை தெரியாதவனுக்குத்தான் அது என்று சுவரில் மாட்டிவிட்டேன். மற்றவர்களுக்கு வேலை சொல்லும் பொறுப்பும் என்னுடையதுதான். ஒவ்வோர் ஆணியையும் அதற்குரிய பிடியோடு வைத்து, கிளிக்கென்று காதுக்குக் கேட்கும்வரை ராவுங்கள் என்றேன். பொருந்தியதும் இரண்டையும் சேர்த்துச் சிவப்பு நூலால் கட்டினோம். முதல் பெட்டி தை மாதம் போயிற்று. அதில் ஒரு ஜோடிகூட ஆடவில்லை என்று இன்றும் சத்தியம் பண்ணுவேன்.

மாசி மாதக் கடைசியில், இரண்டாவது பெட்டி தயாராக இருந்தபோது, தொழிற்சாலையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெட்டியைத் திறந்தவர் நூலைப் பார்த்தார்.

"இது என்னய்யா, தாலியா?"

"ஆமா சார். ஜாதகம் பாத்துத்தான் சேத்து வச்சிருக்கோம்" என்றார் என் பக்கத்து வைஸ்காரர்.

அதிகாரி சிரிக்கவில்லை. கத்தரி கேட்டு வாங்கினார். பத்து நூலை வெட்டி, ஆணிகளை ஒரு தட்டிலும் பிடிகளை ஒரு தட்டிலும் கொட்டிக் குலுக்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தட்டுக்கொன்றாக எடுத்து மாட்டினார். முதலாவது நின்றது. இரண்டாவது நின்றது. மூன்றாவதை மாட்டி லேசாக அசைத்தார். ஆணி நழுவி மேஜையில் டக்கென்று விழுந்தது.

அதிகாரி வெட்டிய நூலைக் கையில் எடுத்தார். "தொழிற்சாலையிலே யாரு உன் நூலைப் பாத்து ஜோடி சேப்பாங்க? வந்ததும் அறுத்துத் தனித்தனித் தொட்டியில கொட்டிடுவாங்க" என்றார். பிறகு முதலாளியைப் பார்த்து, "மொதப் பெட்டியும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றார் முதலாளி. "அது தகடு வச்சுப் பாத்தது. இது புதுசா வந்த பயலுக கைவேலை."

நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதிகாரி இரண்டாவது பெட்டியைத் தள்ளுபடி என்று எழுதிவிட்டு, மதிய ரயிலைப் பிடிக்கக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் முதலாளி என்னிடம் வந்தார்.

"இந்த ஆர்டரை நம்பிப் பன்னெண்டு குடும்பம்லே. வாயை மூடிட்டு இரு. அங்க எவனாவது சோதிக்காமலா விடுவான்?"

நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். வைஸில் ஒரு பூட்டை மாட்டி அரத்தை எடுத்தேன். கை ஓடவில்லை. அந்த டக்கென்ற சத்தமே காதில் இருந்தது. அரத்தை வைத்துவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பிளாட்பாரத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அதிகாரி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மொதப் பெட்டியும் நூல் கட்டினதுதான் சார், கட்டச் சொன்னவன் நான்தான் என்றேன்.

அவர் கை சாதத்திலேயே நின்றுவிட்டது. "காலையிலேயே ஏன் சொல்லலே?"

"மொதலாளி பக்கத்துல நின்னாரு சார்."

"இப்ப மட்டும்?"

"என் சம்சாரத்தோட தம்பி பட்டாளத்துல இருக்கான்."

பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய், முதல் பெட்டியை நிறுத்தி வைக்கச் சொல்லித் தொழிற்சாலைக்குத் தந்தி கொடுத்தார். ரயில் தாமதம். திரும்பி வந்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இந்தக் குண்டு நேத்து வந்ததில்லே" என்றார். "முதல் உலகச் சண்டையிலே வெள்ளைக்காரனும் ஜெர்மன்காரனும் எதிரெதிரே நீளக் குழி வெட்டி அதுக்குள்ளேயே கிடந்தாங்க. துப்பாக்கி ரவை நேராப் போகும், குழிக்குள்ளே இறங்காது. அதனாலே முதல்லே ஜாம் டப்பாவிலே வெடிமருந்தும் துருப்பிடிச்ச ஆணியும் அடைச்சு, சிப்பாய்களே செஞ்சு எறிஞ்சாங்க. செஞ்சவன் கையிலேயே வெடிச்சதும் உண்டு. அப்புறம்தான் இந்த மாடல். லட்சக்கணக்கிலே வேணும்னதும், குழாய் செய்யறவன், பூட்டுச் செய்யறவன்னு பட்டறை பட்டறையாக் குடுத்தாங்க. ஆம்பளைங்க குழிக்குப் போயிட்டாங்க. பொம்பளைங்க வந்து லேத்துலே நின்னாங்க."

"அங்கயும் பூட்டுக்காரங்களா சார்?"

"அங்கேயும்தான். இங்கிலாந்திலே பூட்டுக்குன்னே ஊர் இருக்கு. ராவிப் பொருத்துற கை அவங்களுக்கும் இருந்திருக்கும். இன்னொருத்தி செஞ்ச உறுப்போட தன்னுது சேருமான்னு அவங்க கண்ணாலே பாக்கவே முடியாது. அதுக்காகத்தான் தகடு. அதை நீ சுவத்திலே மாட்டிட்டே."

அவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் பட்டறைக்குத் திரும்பி நடந்தேன். எங்கேயோ கடல் தாண்டி ஒரு பெண்பிள்ளை லேத்தில் நின்று, தன் வேலை யார் கையில் போய்ச் சேரும் என்று தெரியாமல் செய்திருக்கிறாள். எனக்காவது கொஞ்சம் தெரிந்திருந்தது.

ஆர்டர் நின்றது. முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அதன் பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சித்திரையில் முதல் பெட்டி திரும்பி வந்தது. பெட்டியாக அல்ல, சாக்கில் அள்ளிப் போட்டு. நூல் ஒன்றுகூட இல்லை. நான் ஒருவனே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தகடு வைத்துப் பார்த்தேன். பத்தில் மூன்று தேறவில்லை. எண்ணிப் பார்த்ததில் பதினேழு ஆணி குறைந்தது. மற்ற பட்டறைச் சரக்கோடு கலந்துவிட்டதாகவும், தேடிக்கொண்டிருப்பதாகவும் அதிகாரி ஒரு கார்டு போட்டிருந்தார். அதற்குப் பின் கார்டு வரவில்லை.

உங்கள் அம்மாவிடம் அன்றைக்குத்தான் முழுவதும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "இதை அவனுக்கு எழுதிராதீக. அதைக் கையில எடுக்குறப்பெல்லாம் பயந்துக்கிட்டே இருப்பான்" என்றாள்.

"எழுதினா சூதானமா இருப்பானே."

"எதுல உங்க ஆணி இருக்குன்னு அவனுக்குத் தெரியவா போகுது?"

நான் மாமாவுக்கு எழுதவில்லை. தபால்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினால் அவள் அடுப்பை விட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். ஆவணி வரை அப்படியே போயிற்று.

ஆவணியில் உங்கள் மாமா லீவில் வந்தார். கறுத்துப் போயிருந்தார், ஆனால் கை கால் சுகமாக இருந்தது. மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். நான் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"மாப்ள, அந்தக் கையில எறியிற குண்டு, வளையத்தை இழுத்தப்புறம் பிடி ஆடுமா?"

"அழுத்திப் பிடிச்சா ஆடாது மச்சான். எதுக்குக் கேக்குறீக?"

"சும்மாத்தான்."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "பயிற்சியில ஒருத்தனுக்கு மட்டும் கையில வச்சே வெடிச்சிருச்சு. வேற கம்பெனிக்காரன். வலது கை மணிக்கட்டோட போச்சு. பழைய சரக்கு, அந்தக் காலத்துச் சண்டையில மிஞ்சினதுன்னு பேசிக்கிட்டாங்க. புதுசுன்னும் சொன்னாங்க. யாருக்குத் தெரியும்."

"எந்த மாசம்?" என்றேன்.

"பங்குனி இருக்கும். வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வையி அக்கா."

உங்கள் அம்மா பொரியல் கரண்டியோடு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பெட்டி போனது தையில், சாக்கு வந்தது சித்திரையில். இடையில் இருந்தது பங்குனி. கை போனவன் எந்த ஊர்க்காரன் என்று கேட்டேன். உங்கள் மாமாவுக்குத் தெரியவில்லை.